ஆள் வந்தால் உட்காரவென்று எடுத்த அறை

என் ஆசை அண்ணனுக்கு,

நீ போய் வருஷம் ஒன்றாகப் போகிறது. உன் மேல் இருந்த கோபத்தில் இத்தனை நாளும் ஒரு வரி எழுதவில்லை. இன்றைக்கும் கோபம் போகவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் உன்னைப் போல இன்னும் நாலு பேர் இருக்கிறார்கள். அவர்கள் காதிலும் விழட்டும் என்றுதான் எல்லோரும் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன்.

குடும்பத்துக்கே சேர்த்து நீ எடுத்த மெடிக்கல் இன்ஷூரன்ஸைப் புதுப்பிக்கச் சொல்லிப் போன வாரம் மதினி போனுக்குச் செய்தி வந்தது. அன்பான வாடிக்கையாளரே என்று உன் பெயரைப் போட்டு. ஆள் இல்லை என்று கம்பெனிக்கு நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்? மதினி அதைப் பார்த்துவிட்டு, "இந்த எழவு இனி இந்த வீட்டுக்கு வேண்டாம் பகவதி. ஒரு ஆளக் கொண்டு போனது போதும்" என்றாள்.

பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன் என்று உன்னைச் சேர்த்த அன்றைக்கு நீ என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? "ஏட்டி, பாலிசி இருக்கில்லா? நல்ல ரூமா எடு. கடைக்காரங்க பூரா பாக்க வருவாங்க. வந்தவன நிக்க வச்சா நல்லாவா இருக்கும்?"

சோபா போட்ட பெரிய அறையாக எடுத்தோம். வரவேற்பில் இருந்த பெண் உன் பாலிசி அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, சிரித்த முகத்தோடு சாவியைக் கொடுத்தாள். நீ சொன்னபடி எல்லோரும் வந்தார்கள். பழவங்காடி பூக்கடைக்காரர்கூட வந்து உட்கார்ந்து அரசியல் பேசிவிட்டுப் போனார். வயிற்றில் தையலோடு படுத்துக்கொண்டு, வந்தவர்களுக்கெல்லாம் டீ வாங்கி வர என்னை விரட்டினாய்.

டிஸ்சார்ஜ் அன்றைக்கு இன்ஷூரன்ஸ் கவுன்டரில் சொன்னதுதான் இடி. "சேச்சி, இந்த பாலிசியில ரூம் வாடகைக்கு லிமிட் உண்டு. அதுக்கு மேல எடுத்தா வாடகை மாத்திரமில்ல, டாக்டர் ஃபீஸ், தியேட்டர் சார்ஜ் எல்லாமே அதே கணக்குல குறையும், கேட்டோ."

வரம்பைப் போல இரண்டு மடங்கு வாடகையில் படுத்தால், சர்ஜனுக்கும் பாதிதான் தருவார்களாம். மீதியை நம் கையிலிருந்து கட்டினோம். சர்ஜன் என்ன சோபாவில் உட்கார்ந்தா ஆபரேஷன் செய்தார்? உனக்குப் பாலிசி போட்டுக்கொடுத்த ஏஜென்டைப் பிடித்து உலுக்கினேன். "எல்லாம் அதுல எழுதியிருக்கு சேச்சி. அண்ணாச்சி வாசிச்சிருப்பாருன்னு நெனச்சேன்" என்று கூசாமல் சொன்னான். அட்டையைப் பார்த்த அந்தப் பெண்ணுக்குத் தெரியாதா? தெரியும். பெரிய அறை காலியாகக் கிடந்தால் நஷ்டம் அவர்களுக்கு.

நீ மட்டும் என்ன? ஒரு வெண்கல உருளி வாங்குவதென்றால் நாலு பக்கமும் தட்டிப் பார்த்துக் காது கொடுத்துக் கேட்கிற ஆள். வருஷா வருஷம் பணம் கட்டினாயே, அந்தப் பாலிசியை ஒரு தடவையாவது பிரித்துப் பார்த்தாயா? சாமி படத்துக்குப் பின்னால் சொருகி வைத்ததோடு சரி.

இதையெல்லாம்கூட மன்னித்துவிடுவேன். அதற்குப் பிறகு செய்தாயே, அதை எப்படி மன்னிக்க?

சில வாரம் கழித்து, கடையில் உனக்கு நெஞ்சை அடைக்கிறது என்று மதினி அழுதுகொண்டே எனக்குப் போன் செய்தாள். நான் உன்னைக் கூப்பிட்டேன். "கேஸுதாண்ட்டி. சோடா குடிச்சாச் சரியாப் போவும். ஆசுபத்திரிக்குப் போயி இன்னொருக்கா மொட்டையடிச்சுக்கிடவா? அவனுவ தரமாட்டானுவ" என்றாய். ஆட்டோ பிடித்து நான் வந்து சேர்வதற்குள் உன் சட்டை முழுக்க வேர்வையில் நனைந்துவிட்டது. கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருக்கலாமே என்று டாக்டர் சொன்னார்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அந்தப் பாலிசியை வரி விடாமல் படித்தேன். புரியாத இடத்துக்கெல்லாம் கம்பெனிக்குப் போன் போட்டேன். "இந்த வருஷத் தொகையில முக்கால்வாசி அப்படியே இருக்கு மேடம். ஹார்ட் ட்ரீட்மென்டும் கவர் ஆகும்" என்றார்கள். எதை எதை வெட்டினோம் என்று பக்கம் பக்கமாக எழுதத் தெரிந்தவர்களுக்கு, மீதி உனக்காக இருக்கிறது என்று ஒரு வரி எழுதத் தெரியவில்லை.

அண்ணே, பணம் இருந்தது. உனக்காகவே இருந்தது. நீ சோடா குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய்.

இப்போது ஆளாளுக்கு என்னிடம் யோசனை கேட்கிறார்கள், இன்ஷூரன்ஸ் தேவையா இல்லையா என்று. உன் பக்கத்துக் கடை ஜவுளிக்காரர், "அந்தக் காச சீட்டுல போட்டாலும் கையில நிக்கும்" என்றார். "நெஞ்சு வலி, சீட்டு விழுற மாசம் பாத்துத்தான் வருமா அண்ணாச்சி?" என்று கேட்டேன். இன்ஷூரன்ஸ் இருக்க வேண்டியதுதான் என்று அவரிடம் சொன்னேன், பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். அரசு மெடிக்கல் காலேஜ் ஆசுபத்திரியில் படுக்கை கிடைக்காத நாளும் வரும். ஆனால் எதைத் தருவார்கள், எங்கே வெட்டுவார்கள் என்று தெரியாமல் கட்டுகிற பணம் தண்டம்.

மதினிக்குச் சர்க்கரை இருக்கிறது. இன்றைக்கு விட்டுவிட்டு நாளைக்குப் புதிதாக எடுத்தால், சர்க்கரையால் வருகிற எதற்கும் முதலிலிருந்து சில வருஷம் காத்திருக்கச் சொல்வார்கள். நீ கட்டியே கழித்த காத்திருப்பெல்லாம் வீணாகிவிடும். இதை நாள் கணக்கில் சொல்லி அவளோடு மல்லுக்கட்டினேன். நேற்று, ஓடிபி வந்த போனை என் மடியில் எறிந்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அறை வாடகை வரம்பை நீக்கக் கூடுதல் பணம் கேட்டார்கள். வயிறு எரிய அதையும் கட்டிவிட்டேன்.

ஒரு வாக்குக் கொடுக்கிறேன் அண்ணே. மதினிக்கோ பிள்ளைகளுக்கோ ஒன்று என்றால், தருவார்களா மாட்டார்களா என்று இந்த வீட்டில் ஒருவரையும் யோசிக்க விடமாட்டேன். முதலில் வண்டி வரும். ஆளைச் சேர்த்த பிறகு கம்பெனியோடு நான் சண்டை போட்டுக்கொள்வேன். உன்னோடு போட வேண்டிய சண்டைதான் அப்படியே நிற்கிறது. அதைப் போட இனி நான் எங்கே போவேன்?

உன்னோடு பேசி முடிக்காத தங்கை,
பகவதி
சாலை, திருவனந்தபுரம்