பானை மூடி விழுந்த ஞாயிற்றுக்கிழமை

நாகாஹாமா
டிசம்பர், புதன்கிழமை

கனாமேயின் அப்பாவுக்கு,

சுமியே எழுதுகிறேன். கீழே நான் நலம். மேலே அவனும் நலமாகத்தான் இருக்க வேண்டும். சாப்பாட்டுத் தட்டு காலியாகத் திரும்புகிறது. முரோரானில் பனி முழங்கால் வரை ஏறிவிட்டதாக டிவியில் காட்டினார்கள். இங்கே இபுகி மலையின் உச்சி மட்டும் வெளுத்திருக்கிறது. கம்பளி பனியன் இரண்டும், நீங்கள் கேட்ட ஊறுகாயும் தனிப் பார்சலில் வருகின்றன. கம்பெனி விடுதியில் துணி காயப்போட இடமில்லை என்று ஒரே பனியனைப் போட்டுக்கொண்டு திரியாதீர்கள்.

போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் நீங்கள் விஷயத்துக்கு வா என்பீர்கள். நான் விஷயத்துக்கு வருவதற்குள் சரி என்று சொல்லி வைத்துவிடுவேன். கல்யாணமான நாளிலிருந்து இதுதான் நம் வழக்கம். அதோடு, இந்த வீட்டில் கீழே பேசினால் மாடிக்குக் கேட்கும்.

சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கனாமேயை அறையிலிருந்து கொண்டுபோகிற அந்தக் கம்பெனியின் ஒப்பந்தத்தை அனுப்பினீர்களே, அதில் என் முத்திரையை நான் குத்தவில்லை. அதை இதே உறையில் திருப்பி வைத்திருக்கிறேன். வருகிற செவ்வாய்க்கிழமை அந்த ஆட்கள் நம் வீட்டுக்கு வரக்கூடாது.

கோபப்படாமல் மேலே படியுங்கள். போன மாதம் அவர்கள் வீட்டைப் பார்க்க வந்ததை உங்களிடம் பாதிதான் சொன்னேன். கோட்டு போட்ட ஒருவர், தோள் அகலமான இரண்டு பேர். ரொம்ப மரியாதை. செருப்பைக்கூட வாசலைப் பார்த்துத் திருப்பி வைத்தார்கள். தோள் அகலமான ஒருவர் சத்தமில்லாமல் மாடி ஏறி, கனாமே அறைக் கதவின் கீல்களைப் பார்த்துவிட்டு வந்தார். கதவு பழசு, சுலபமாகக் கழற்றிவிடலாம் என்றார். கோட்டுக்காரர் நான் போட்ட டீயைக் குடித்துக்கொண்டே சொன்னார்: "முதல்ல கத்துவாங்கம்மா. வண்டில ஏத்தினதும் அடங்கிடுவாங்க. நீங்க அந்த நேரம் கடைக்குப் போயிடுங்க." இதையெல்லாம் அவனுடைய அறைக்கு நேர் கீழே உட்கார்ந்து சொன்னார். நானும் தலையாட்டிக்கொண்டிருந்தேன். அன்று போட்ட டீயை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நீங்கள் கல்மனசுக்காரர் என்று சொல்லவில்லை. நம் காலத்துக்குப் பிறகு இவனுக்கு யார் சோறு போடுவார்கள் என்று நீங்கள் கேட்டீர்கள். அந்தக் கேள்வி என்னோடும்தான் படுத்து எழுந்திருக்கிறது. ஒசாகா வேலையிலிருந்து மே மாத லீவுக்கு வந்தவன் திரும்பிப் போகவே இல்லை. அப்புறம் அறையை விட்டும் வரவில்லை. நாலு வருஷமாக அவன் குரலை நான் கேட்கவில்லை. ஆனால் இந்த இலையுதிர் காலத்திலிருந்து நாங்கள் பேசிக்கொள்கிறோம். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு மாடியில் டிவி சத்தம் கேட்கும். வாள் உரசும் சத்தம், குதிரை, யாரோ சாகிற சத்தம். என்னதான் பார்க்கிறான் என்று ஒருநாள் கீழே நானும் சேனலைத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். ஒரு சாமுராய் அனிமே. ஹயாசே என்ற நொண்டி வாள்வீரன் அண்ணனைத் தேடி ஊர் ஊராக நடக்கிறான். வாரத்துக்கு ஒருவன் வழியை மறித்துச் சண்டைக்கு நிற்கிறான். அவ்வளவுதான் கதை. எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆனால் மேலே கேட்கும் சத்தம் கீழேயும் கேட்டது. ஒரே வீட்டில் இரண்டு பேர் ஒரே படம் பார்க்கிறோம் என்று தோன்றியது. அதற்காகவே விடாமல் பார்த்தேன்.

சூப்பர் மார்க்கெட்டில் என்னோடு பலகாரப் பிரிவில் வேலை பார்க்கும் நிவா என்ற பெண்ணைப் பற்றி எழுதியிருக்கிறேன், எந்நேரமும் போனும் கையுமாக இருப்பாள் என்று. அவளும் இந்தத் தொடரின் பைத்தியம். பார்த்தவர்கள் கருத்து எழுதும் பக்கம் ஒன்று இருக்கிறது என்று என் போனில் எடுத்துக் கொடுத்தாள். பெயர் ஏதாவது வைக்க வேண்டுமாம். சாயங்காலம் மீந்த உருளைக்கிழங்கு குரோக்கே பாக்கெட்டில் நான் அப்போது ஒட்டிக்கொண்டிருந்த சீட்டைப் பார்த்து, "பாதிவிலை" என்று போடச் சொன்னேன். உங்கள் மனைவிக்கு இப்போது ஊரெல்லாம் அதுதான் பெயர்.

அந்தப் பக்கத்தில் என்ன சண்டை தெரியுமா. ஹயாசேயை விட அவர்கள்தான் நன்றாக வெட்டிக்கொள்கிறார்கள். "இவன் நொண்டுற கால் வாரத்துக்கு வாரம் மாறுது, யாராவது கவனிச்சீங்களா?" என்று ஒருவர். "உன் கண்ணுதான் நொண்டுது, போய்ப் படு" என்று இன்னொருவர். சாப்பாட்டு வேளையில் அதைப் படித்துச் சிரிப்பேன். தனியாகச் சாப்பிடுகிறவளுக்கு அது ஒரு கூட்டம் மாதிரி இருந்தது.

அக்டோபரில் ஒரு ஞாயிறு. அடுப்பில் பூசணி வெந்துகொண்டிருந்தது. டிவியைப் பார்த்துக்கொண்டே பானையைத் திறந்தேன். மூடி கை தவறித் தரையில் விழுந்து உருண்டு ஓடியது. மறுநாள் கடையில் நிவா சிரித்துக்கொண்டே ஒரு கருத்தைப் படித்துக் காட்டினாள். "ஆறின டீ" என்ற பெயரில் ஒருவர் எழுதியிருந்தார்: "ஹயாசே வாளை உருவுறதுக்கு முன்னாடி என்னமோ சொன்னான். சரியா அந்த நேரம் பார்த்து கீழ யாரோ பானை மூடிய போட்டுட்டாங்க. என்ன சொன்னான்னு யாராவது சொல்லுங்களேன்."

அவள் போனை வாங்கி அதையே திரும்பத் திரும்பப் படித்தேன். எண்ணெய்ச் சட்டி பக்கத்தில் இருக்கிறது என்று நிவாதான் என்னை நகர்த்தி உட்கார வைத்தாள். நாட்டில் எத்தனையோ வீட்டில் பானை மூடி விழும், எனக்கும் தெரியும். ஆனாலும் எனக்குத் தெரிந்துவிட்டது. என் போனை எடுத்துப் பதில் எழுதினேன். டிவி பக்கத்திலேயே நின்றதால் எனக்குக் கேட்டிருந்தது, ஹயாசே சொன்னது இதுதான்: "கை விறைச்சுப் போயிருக்கு. கொஞ்சம் பொறுங்க." மறந்துபோய்க் கடைசியில் "மன்னிக்கவும்" என்றும் சேர்த்துவிட்டேன். "நீங்க எதுக்கு மன்னிப்பு கேக்குறீங்க, மூடிய போட்டது நீங்களா?" என்று நிவா சிரித்தாள். நான் குரோக்கே கருகுகிறது என்று சொல்லி எழுந்துகொண்டேன்.

அடுத்த ஞாயிறு ஒரு காரியம் செய்தேன். சிரிக்காதீர்கள். சண்டை இல்லாத அமைதியான காட்சி ஒன்று வந்தபோது மூடியை எடுத்து வேண்டுமென்றே கீழே போட்டேன். மறுநாள் பக்கத்தைத் திறந்தால் ஆறின டீ எழுதியிருந்தார்: "இன்னிக்கும் விழுந்துச்சு." கழிப்பறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். நம் பிள்ளை ஒரு வார்த்தை பேசி நான் கேட்டேன். அது என் சமையலறைச் சத்தத்தைப் பற்றிய புகார் என்றாலும் எனக்குப் போதும்.

அதற்குப் பிறகு வாராவாரம் எழுதிக்கொண்டோம். அவனுக்கு இந்தப் பாதிவிலை யார் என்று தெரியுமா தெரியாதா என்று எனக்குப் புரியவில்லை, கேட்கவும் பயம். அந்தக் கை விறைத்த காட்சியை வைத்துப் பக்கமே இரண்டாகப் பிரிந்து கிடந்தது. எதிரி ஒரிதோ வாளைத் தாழ்த்திக்கொண்டு, ஹயாசே நெருப்பில் கையைச் சூடாக்கி முடிக்கும் வரை பனியில் நிற்கிறான். அதிலேயே பாதி நேரம் போய்விட்டது. படம் வரையக் காசில்லாமல் கையையே காட்டி ஓட்டிவிட்டார்கள் என்று சிலர் திட்டினார்கள். "ஹயாசே நடுங்கிட்டு நிக்கும்போதே ஒரே வெட்டு வெட்டியிருக்கணும். ஒரிதோ மாதிரி முட்டாளப் பார்த்ததே இல்ல" என்று ஒருவர் எழுதினார். அதற்குக் கீழே கனாமே எழுதியதை அப்படியே எழுதுகிறேன்: "இந்தத் தொடர்ல ஒரிதோ ஒருத்தன்தான் உண்மையான வாள்வீரன். மத்தவங்களுக்கெல்லாம் வெட்டத் தெரியும். நிக்கத் தெரியாது."

இப்படி இருந்தபோதுதான் அந்த மூன்று பேர் வந்து கீலைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அன்று வைத்த சாப்பாடு அப்படியே திரும்பியது. மறுநாளும் அப்படியே. அப்புறமும் பாதிதான் காலியானது. ஞாயிறு ஐந்து மணிக்கு மாடியில் சத்தமே இல்லை. அந்தக் கருத்துப் பக்கத்திலும் ஆறின டீ இல்லை. எங்கே போனார் அந்த மூடிக்காரர் என்று நாலைந்து பேர் கிண்டலாக விசாரித்தார்கள். நான் கீழே டிவியைப் போட்டுவிட்டுப் படத்தைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தனிமையாக இருக்கிறது என்று உங்களிடம் நான் சொன்னதே இல்லை. இருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை போல அது என்றைக்கும் இருந்ததில்லை.

இரண்டு வாரம் பொறுத்துவிட்டு, பழைய காட்சியைப் பற்றி நானே ஒரு கருத்து எழுதினேன். நான் எழுதிய எழுத்திலேயே அதுதான் நீளம். விறைத்த கை சூடாக எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் பனியில் நிற்கிற ஒரிதோவைப் பார்த்து யாரும் பாவப்பட வேண்டாம். அவன் பிரியப்பட்டுத்தான் நிற்கிறான். அவசரமே இல்லை. இதுதான் பாதிவிலையின் கருத்து.

ரெண்டு நாள் பதில் இல்லை. சமையலை மட்டும் நிறுத்தாமல் செய்தேன். இரண்டாம் நாள் ராத்திரி முள்ளங்கியும் முட்டையும் போட்டுக் கொதிக்கவிடுகிற ஓதென் வைத்திருந்தேன், நீங்கள் கேட்டுக் கேட்டுச் சாப்பிடுவீர்களே, அதே பக்குவத்தில். தட்டு காலியாக வந்தது. காலையில் பக்கத்தைத் திறந்தேன். வாள், ரத்தம், நொண்டிக் கால் என்று அவரவர் கத்திக்கொண்டிருந்த நடுவில், என் கருத்துக்குக் கீழே ஒரே ஒரு வரி: "நேத்து முள்ளங்கி நல்லா வெந்திருந்துச்சு."

எல்லோரும் அவனைப் பிடித்துக்கொண்டார்கள். "தம்பி, இது சமையல் நிகழ்ச்சி இல்ல, பக்கம் மாறி வந்துட்ட" என்றார்கள். ஹயாசே இப்போது வாளால் முள்ளங்கி நறுக்குகிறானா என்றார்கள். நான் பாத்திரம் துடைக்கிற துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, வேலைக்கு நேரமாகும் வரை நின்றேன். அவனுக்குத் தெரியும். முதல் நாளிலிருந்தே தெரிந்திருக்க வேண்டும், மன்னிப்புக் கேட்டேனே.

இப்போது சொல்லுங்கள். இந்தக் கதவை எப்படிக் கழற்ற முடியும்? செவ்வாய்க்கிழமை அவர்கள் வந்தால் கதவு திறக்கும், அது எனக்குத் தெரியும். ஆனால் அதற்கப்புறம் முள்ளங்கி வெந்ததா இல்லையா என்று அவன் என்னிடம் ஆயுசுக்கும் சொல்லமாட்டான். கட்டிய முன்பணம் போனால் போகட்டும். இது வரை நீங்கள் முடிவு செய்ததற்கெல்லாம் சரி என்றுதான் சொல்லியிருக்கிறேன். இந்த ஒன்றுக்கு முடியாது என்கிறேன்.

இன்னொன்று சொல்ல வேண்டும். இதைச் சொல்லலாமா என்று யோசித்து இரண்டு தடவை எழுந்துபோய் அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தேன். போன ஞாயிறு மாடியில் மறுபடி டிவி சத்தம் கேட்டது. மறுநாள் அவன் எழுதியிருந்த கருத்து இது: "ஹயாசேயோட இடது கைப்பிடி தப்பு. சுண்டு விரல் தளர்ந்திருக்கு. எங்க வீட்ல ஒருத்தர் இதப் பார்த்தா டிவியையே திட்டுவார்."

சரித்திர நாடகம் பார்க்கும்போதெல்லாம் நீங்கள் திட்டுவீர்கள். சுண்டு விரல், சுண்டு விரல் என்று கத்துவீர்கள். அவன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது மூங்கில் வாளைக் கையில் கொடுத்து, அந்த விரலை நீங்களே பிடித்து அழுத்திக் காட்டினீர்கள். போன புத்தாண்டுக்கு வந்தபோது அவன் கதவை உதைத்துவிட்டு மறு வண்டியிலேயே முரோரானுக்குத் திரும்பினீர்கள். அதை அவன் எழுதவில்லை, பாருங்கள். சுண்டு விரலைத்தான் எழுதியிருக்கிறான்.

அதற்குக் கீழே யாரோ ஒருவர் வம்புக்குக் கேட்டிருக்கிறார்: "அந்த ஒருத்தர் இதெல்லாம் பார்ப்பாரா?" ஆறின டீ பதில் எழுதவில்லை. இன்று காலை வரை பார்த்தேன். அந்த இடம் காலியாகவே இருக்கிறது.

வருகிற ஞாயிறு கடைசி வாரம். அண்ணனும் தம்பியும் எதிரெதிரே நிற்கப் போகிறார்கள் என்று நிவா சொல்கிறாள். விடுதிப் பொது அறையில் டிவி இருக்கிறது என்று நீங்களே சொன்னீர்கள். அங்கே குதிரைப் பந்தயம் பார்க்கிறவர்களிடம் ஐந்து மணிக்கு மட்டும் கேட்டு வாங்குங்கள். கருத்து எழுதும் பக்கத்தை எப்படித் திறப்பது என்று இதோடு ஒரு சீட்டில் நிவாவிடம் எழுதி வாங்கி வைத்திருக்கிறேன். புனைபெயர் எதுவேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். பாராட்டி எழுத வேண்டும் என்றில்லை, பாசமாக எழுத வேண்டும் என்றும் இல்லை. அது உங்களுக்கு வராது, அவனுக்கும் சந்தேகம் வந்துவிடும். பிடி தப்பு என்று திட்டி ஒரு வரி எழுதினால் போதும்.

மழையோ பனியோ, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆலையில் இரும்பைத் தொட்டு வேலை செய்கிறவர் நீங்கள். உங்கள் கையும் விறைத்துத்தான் போயிருக்கும். பார்சலில் ஒரு ஜோடி கையுறையும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை முதலில் கையைச் சூடாக்கிக்கொள்ளுங்கள். பிறகு எழுதுங்கள். நாங்கள் பொறுத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
சுமியே