ஆணியில் தொங்கிய பேட்ஜ்

பாய்,

வேலையில் இருந்த காலம் முழுவதும் உங்கள் மேல் பட்ட கதிர்வீச்சு பூஜ்யம். நீங்கள் எக்ஸ்-ரே எடுத்த ஆஸ்பத்திரி உங்கள் மகள் பர்வீனுக்கு எழுத்தில் தந்திருக்கும் பதில் இது. இன்று காலை சாரம் பகுதியில் உள்ள அவள் வீட்டில் படித்தேன். மூன்று மாதத்துக்கு ஒரு வரி. எல்லா வரியிலும் அதே பூஜ்யம். கதிரை அளக்க உங்களுக்குக் கொடுத்திருந்த பேட்ஜின் கூட்டையும் எடுத்து வைத்தாள். கிளிப் புதிதாகவே இருக்கிறது. சட்டையில் மாட்டியிருந்தால் தேய்ந்திருக்கும்.

மணிக்கட்டு உடைந்து நான் உங்களிடம் வந்த நாள் நினைவிருக்கிறது. உள்ளே நீங்கள் ஒரு குழந்தையின் காலை அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தீர்கள். பேட்ஜ் வெளியே, காலண்டருக்குப் பக்கத்து ஆணியில்.

"என்ன பாய், இது இங்க தொங்குது?"

"உள்ள வந்தா அளவு ஏறும் ரிப்போர்ட்டரே. ஏறுனா ஆள மாத்திடுவாங்க. எனக்கு என்னா ஆனாலும் பரவால்ல, பேட்ஜுக்கு ஒண்ணும் ஆவக் கூடாது."

சிரித்தோம். பிறகு நீங்கள் குரலைத் தாழ்த்தினீர்கள். "எழுதிகிழுதிடாதீங்க. நிக்கா ஆயி மூணு மாசந்தான் ஆவுது. வேல போச்சுன்னா மாமனாரு மூஞ்சில எப்பிடி முழிப்பேன்?"

எழுத மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். எழுதவில்லை. உங்களுக்காக என்றே இத்தனை வருடமும் சொல்லிக்கொண்டேன். அந்த ஆஸ்பத்திரியின் விளம்பரம் எங்கள் பேப்பரில் வந்துகொண்டிருந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நீங்கள் போனது மாரடைப்பில். அதைக் கதிரின் மேல் போட மாட்டேன். ஆனால் பர்வீனுக்கு இரண்டு முறை கரு கலைந்துவிட்டது. குரோமோசோம் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்திருக்கிறாள். அவளுடைய டாக்டரிடம் கேட்டேன். கதிர் பட்டவரின் ரத்த அணுக்களில் குரோமோசோம் உடைவது உண்டு, அந்தச் சேதம் பிள்ளைகளுக்கு இறங்கியதாக மனிதர்களிடம் இதுவரை உறுதியாகவில்லை என்றார். "அவர் மேல எவ்வளவு பட்டுச்சுன்னு தெரிஞ்சாலாவது பேசலாம்" என்றார்.

தெரியும் என்கிறது ஆஸ்பத்திரி. பூஜ்யம்.

"அத்தா மேல ஒண்ணுமே படலன்னு எழுதிக் குடுத்துட்டாங்களே மாமா" என்றாள் பர்வீன். "அப்ப கோளாறு எங்கிட்டதானா? மாமியாரும் அதத்தான் சொல்றாங்க." தாளை மடித்து அவளிடமே திருப்பிக் கொடுத்தேன்.

உங்களைப் பார்த்த அன்று நோட்டில் ஒரு வரி எழுதி வைத்திருந்தேன். தேதியோடு இருக்கிறது: "பேட்ஜ் வெளியே ஆணியில். ஆள் உள்ளே." அந்தப் பூஜ்யம் பொய் என்பதற்கு இப்போது எழுத்தில் இருப்பது இது ஒன்றுதான்.

பரிசோதனை முடிவு வரும் வெள்ளிக்கிழமை கிடைக்கும் என்றிருக்கிறார்கள். அது என்ன சொன்னாலும், கோளாறு எங்கிருந்து வந்தது என்று சொல்லாது. நோட்டு என் பையில் இருக்கிறது. காலையில் அவள் கேட்டபோதும் பையில்தான் இருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் அவள் கையில் கொடுத்துவிட வேண்டும், உங்களுக்குக் கொடுத்த வாக்கை மீறி.