கொக்குவில் வளவில் ஸ்னோ

ஓகஸ்ட் 11, திங்கள்

காலையிலேயே வெயில் கொளுத்துகிறது. நல்லூர்த் திருவிழா என்பதால் மீன், இறைச்சி என்று மச்சம் ஒன்றும் இல்லை. மூன்று மரக்கறி, அப்பளம், பாயாசம். எல்லாம் கனடா மச்சாளுக்காக. இவரின் அக்கா. நேரில் 'நீங்கள்', இந்தக் கொப்பியில் 'அவள்'. இங்கேயாவது என் இஷ்டத்துக்கு இருந்துவிட்டுப் போகிறேன்.

மத்தியானம் விருந்தாட்கள் முன்னால் பெரிய பெட்டி ஒன்றைத் திறந்தாள். மாமாவுக்கு, அதாவது தன் அப்பாவுக்கு. பெட்டி முழுக்க, ஈரம் உறிஞ்சப் பெரியாட்கள் கட்டும் பம்பஸ்.

"அங்கத்தைச் சாமான், கனடாவிலை வாங்கினது. இனி அப்பாக்கு ஒரு கஷ்டமும் இல்லை."

வந்த சனத்தில் ஒருத்தி: "மகள் எண்டால் இப்பிடி இருக்கோணும்."

மருமகளைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. மாமா படுக்கையில் விழுந்த நாள் முதல் கழுவித் துடைப்பது நான். அவள் வந்ததிலிருந்து அந்த அறை வாசல்வரைதான் போயிருக்கிறாள். அதுவும் மூக்கைப் பொத்திய லேஞ்சித் துணியோடு.

அதைக்கூடப் பொறுத்திருப்பேன். என் மகள் ஆரணி அவளிடம் போய்க் கேட்டாள்: "மாமி, எனக்கு ஸ்னோ கொண்டந்தனீங்களோ?" ஏழு வயதுப் பிள்ளை கேட்கிற கேள்விதானே. அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"உங்களுக்குப் புழுதியிலை விளையாடத்தான் குடுத்து வைச்சிருக்கு, பிள்ளை."

அவளுடைய மகன் கெவின் உடனே: "இவ ஒருநாளும் ஸ்னோ காணமாட்டா."

எல்லாரும் சிரித்தார்கள். இவரும். என் பிள்ளை சாப்பிடாமல் கிணற்றடிக்குப் போய்க் குந்தியிருந்தாள். இவரிடம் கேட்டதற்கு, "வசந்தி, சின்ன விசயத்தை விடும்" என்கிறார்.

விடமாட்டேன். அவளை அதே சனத்துக்கு முன்னால் தலைகுனிய வைக்காமல் விடமாட்டேன்.

ஓகஸ்ட் 12, செவ்வாய்

ஒரு இலைகூட அசையவில்லை. வாங்க வேண்டியவை: சவர்க்காரம், தேங்காய், புண்ணுக்குப் பூசும் மருந்து.

புதுப் பம்பஸ் கட்டி மாமாவின் இடுப்பெல்லாம் சிவந்து புண். இந்த வெக்கைக்கு அது எங்கே சரிவரும். பார்க்க வந்த நேர்ஸ், "வேண்டாம் அக்கா, பழைய வேட்டித்துணியே கட்டுங்கோ" என்றாள். மச்சாளிடம் போய்ச் சொன்னேன்.

"துணியோ! சீ. உதை ஆர் தோய்க்கிறது?"

ஆர் தோய்க்கிறது என்று அவளுக்குத் தெரியாதாம்.

கட்டாத பம்பஸ் ஒன்று கிழிந்தபடி மேசையில் கிடந்தது. ஆரணி கிளாசைத் தட்டி, குடிக்கிற தண்ணீர் முழுக்க அதன்மேல். உள்ளே இருந்த தூள் பொங்கிப் பொங்கி வெள்ளை வெளேரென்று குவிந்தது. பிள்ளை விரலால் அளைந்து பார்த்துக் கத்தினாள்: "அம்மா, ஸ்னோ!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாமாவுக்கு உதவாத பெட்டி அவருடைய மகளுக்கு உதவட்டும்.

ஓகஸ்ட் 14, வியாழன்

வானம் மூட்டம், மழை இல்லை. செய்து பார்த்தவை:

– கிணற்றுத் தண்ணீர்: சரிவரவில்லை. எங்கள் கிணறு சவர், உப்புத் தண்ணீர். தூள் பொங்காமல் கஞ்சிபோலக் கிடந்தது.
– கடையில் வாங்கிய குடிதண்ணீர்: அபாரம்.
– பஞ்சைத் துப்புரவாகப் பிரித்தெடுக்க வேண்டும். ஒரு துண்டு கிடந்தாலும் குட்டு வெளிப்பட்டுவிடும்.
– ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தால் விரல் விறைக்கிறது.

மச்சாள் ஃபிரிட்ஜைத் திறந்துவிட்டாள். "உதென்ன உந்தச் சட்டிக்குள்ளை?"

"உங்களுக்கும் பிள்ளையளுக்கும்தான் மச்சாள். ஒரு விசேஷம்." பொய்யில்லையே.

ஆரணியிடம் சத்தியம் வாங்கினேன். வாயில் வைக்கக்கூடாது, கண்ணில் படக்கூடாது, எதில் செய்தது என்று மூச்சு விடக்கூடாது. மாமாவின் பழைய வேட்டிகளைக் கிழித்துத் தோய்த்து மடித்து வைத்தாயிற்று. அவருக்கு ஒரு குறையும் வரக்கூடாது. என் கோபம் மகளோடு மட்டும்.

இவருக்குச் சொல்லவில்லை. சிரித்தவர்தானே.

ஓகஸ்ட் 16, சனி

வெயில். மாமரத்தடியில் தறப்பாள் விரித்து அத்தனை சட்டியையும் கவிழ்த்தேன். பக்கத்து வளவுப் பிள்ளைகளும் வந்தார்கள். கெவின் முதலில், "இது பொய் ஸ்னோ" என்று முகத்தைச் சுளித்தான். பிறகு பார்த்தால் முழங்காலில் நின்று உருண்டை பிடிக்கிறான். ஆரணி அவனை அதட்டுகிறாள்: "டேய், எல்லாத்தையும் அள்ளாதை. இது எங்கடை ஸ்னோ." அதைக் கேட்டதும் வயிறு நிறைந்தது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். மனம் வரவில்லை.

திங்கட்கிழமை வந்த அதே விருந்தாட்களையும் தேத்தண்ணீருக்குக் கூப்பிட்டிருந்தேன். மச்சாள் ஃபோனை நீட்டிக் கனடாவுக்குக் காட்டுகிறாள்: "பாருங்கோ, எங்கடை வளவிலை ஸ்னோ! நான்தான் பிள்ளையளுக்குச் செய்து குடுத்தனான்." இரண்டு கையாலும் அள்ளிக் கன்னத்தில் வேறு வைத்துக்கொண்டாள்.

தேத்தண்ணீர்த் தட்டோடு பக்கத்தில் போய் நின்றேன். "மச்சாள், அது நீங்கள் அப்பாக்குக் கொண்டந்த பம்பஸ். உள்ளுக்கை கிடந்ததுதான் உது."

கட்டாத புதுசு என்றும் சொன்னேன். ஆனால் கொஞ்சம் பிந்தித்தான் சொன்னேன்.

யாரோ வாய்விட்டுச் சிரித்தார்கள். ஃபோனுக்குள்ளும் சிரித்தார்கள். அவள் கையை உதறவும் முடியாமல் நின்றாள். "அப்பாக்கு அதாலை இடுப்பெல்லாம் புண். உங்களிட்டைச் சொன்னனான். ஒருக்கால் எண்டாலும் போய்ப் பாத்தனீங்களோ?" என்று கேட்டேன். எல்லாருக்கும் கேட்கட்டும் என்றுதான் கேட்டேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு. இதில் ஒளிக்க என்ன இருக்கிறது.

அவள் வீட்டுக்குள்ளே நடந்தாள், நானும் பின்னால் போனேன். "துணி எங்கை கிடக்கு?"

காட்டினேன். லேஞ்சி இல்லாமல் அறைக்குள் போனாள். அவள் படப்போகும் பாட்டைப் பார்க்க வாசலில் நின்றேன். நான் நினைத்ததுபோல ஓங்காளிக்கவில்லை. மாமாவுக்கு இப்போது கண் தெரியாது. கை பட்டால்தான் ஆள் நிற்பது பிடிபடும். அவள் இடுப்பைத் தொட்டதும் உடம்பு சிலிர்த்தார்.

"ஏன் வசந்தி, கை இப்பிடிக் குளிருது?"

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கண்ணெல்லாம் தண்ணீர். உங்கள் மகள்தான் மாமா என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அவர் திரும்பவும் கேட்டார். "ஏன் பிள்ளை?"

"ஒண்டுமில்லை, மாமா" என்றாள் அவள்.