காற்றுக்காக நின்றவன்

ஆகஸ்ட் 27

இன்று முதல்முறையாக ஆட்டம் தொடங்கும்போதே களத்தில் இருந்தேன். எழுபத்திரண்டு நிமிடம் என்னைத் தாண்டி ஒரு ஈ கூடப் போகவில்லை. இதை முதலில் எழுதிவைக்கிறேன். மற்ற எல்லோரும் எழுபத்து மூன்றாவது நிமிடத்தைப் பற்றி மட்டும்தான் பேசுகிறார்கள்.

அவர்களுடைய கோல்கீப்பர் வானத்தைப் பார்த்து ஓர் உதை விட்டான். நான் அசையாமல் நின்றேன். அவ்வளவு உயரம் போன பந்தைக் காற்று பிடித்து நிறுத்தும், பிறகு நேராகக் கீழே இறக்கும், என் நெற்றிக்கு வந்து சேரும். சிறுவயதிலிருந்து அப்படித்தான் வந்து சேர்ந்திருக்கிறது. பாக் தீவில் எங்கள் மைதானம் கடலோரம், எதிரே வெலெபிட் மலை. அந்த மலையிலிருந்து புரா என்கிற காற்று இறங்கி வீசினால் ஓடே பறக்கும், பந்து எம்மாத்திரம்?

ஆனால் இது ஸ்லவோனியா, கடலை விட்டு வெகுதூரத்தில் இருக்கும் சமவெளி. இங்கே காற்றே கிடையாது. மைதானத்துக்கு வெளியே சோளக்கொல்லையில் ஓர் இலை ஆடவில்லை. பந்து பாட்டுக்கு என் தலைக்கு மேலே போய் விழுந்தது. அவர்களுடைய ஒன்பதாம் எண்காரன் கோல் அடித்தான். தோற்றோம், 0-1.

உடைமாற்றும் அறையில் கேப்டன் பாவோ என் முன்னால் வந்து நின்றார். களத்தில் எனக்குப் பக்கத்தில் நின்று தடுப்பவர் அவர்தான்.

“ஏன்டா அப்படி நட்டுவச்ச கம்பம் மாதிரி நின்ன?”

“காத்து பந்தைத் திருப்பிக் கொண்டாரும்னு நெனச்சேன் அண்ணே.”

எல்லோரும் சிரித்தார்கள் பாருங்கள், கூரை பிய்த்துக்கொண்டு போகும் அளவுக்கு! என் பெயர் யெரே. இனி இந்த ஊரில் என் பெயர் புரா.

செப்டம்பர் 3

பெஞ்ச்.

செப்டம்பர் 4

மனசு ஆறவில்லை, எழுதித் தீர்க்கிறேன். நான் இங்கே இரவல் ஆட்டக்காரன். என்னுடைய பெரிய கிளப் கடலோரத்தில் இருக்கிறது. ஒரு வருடத்துக்கு இந்த இரண்டாம் பிரிவு அணியிடம் என்னைக் கொடுத்திருக்கிறார்கள். அனுப்பும்போது அங்கிருந்த இயக்குநர் கையைக் குலுக்கிக்கொண்டே சொன்னார்: “அங்க ஒரு நெலையான எடம் புடிச்சிடு. புடிக்கலேன்னா ஜூனுக்கப்புறம் நாம பேசறதுக்கு எதுவும் இருக்காது.” எவ்வளவு நல்ல சிரிப்பு அந்த ஆளுக்கு.

ஜூனுக்கு அப்புறம் என்ன? ஆடுகள். அப்பாவின் நூற்று நாற்பது ஆடுகள். ஆடுகளைக் கேவலமாகச் சொல்லவில்லை. ஆனால் நான் தடுப்பாட்டக்காரன். நல்ல தடுப்பாட்டக்காரன். இதை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

அக்டோபர் 9

பயிற்சி முடிந்ததும் மாற்றுக் கோல்கீப்பர் ஆடமைப் பிடித்துவைத்துக்கொள்கிறேன். அவன் பந்தை உயரத் தூக்கி முப்பது உதை உதைக்க வேண்டும், அது எங்கே விழும் என்று கணித்து நான் ஓட வேண்டும். பதிலுக்கு அம்மா அனுப்பும் ஆட்டுப்பால் சீஸ் ஒரு துண்டு. நேற்று முப்பதில் இருபத்தொன்றைத்தான் சரியாகக் கணித்தேன். இன்று இருபத்தாறு. கால் தானாகவே நின்றுவிடுகிறது, அதை வலுக்கட்டாயமாகப் பின்னால் ஓடவைக்க வேண்டியிருக்கிறது. மூளை கேட்கிறது, கால் கேட்பதில்லை.

“உங்கம்மா சீஸ் தீந்துபோச்சுன்னா சொல்லிடு, நானும் நிறுத்திடறேன்” என்கிறான் ஆடம். மூன்று கிலோ இருக்கிறது. பார்க்கலாம்.

நவம்பர் 20

பாவோ வீட்டில் பன்றி அறுப்பு. காலை ஆறு மணிக்கே ராக்கியா என்ற பழச்சாராயம் ஊற்றிக் கொடுத்தார்கள். தொண்டை எரிந்தது.

“தீவுக்காரனுக்குப் பன்னின்னா என்னன்னு தெரியுமா? அங்க பாறையும் கழுதையும்தான?” என்றார் பாவோவின் மச்சான்.

கத்தியை வாங்கித் தீட்டினேன். தொடையை எலும்பிலிருந்து பிரித்துக் கொடுத்தேன், ஒரு கீறல் இல்லாமல். பத்து வயதிலிருந்து ஆட்டுக்குட்டி அறுத்த கை இது. மச்சான் வாயை மூடிக்கொண்டு எனக்கு இன்னொரு ராக்கியா ஊற்றினார்.

மாலையில் குலென் கட்டினார்கள். நல்ல இறைச்சியும் மிளகாய்த்தூளும் அடைத்த தடித்த தொத்திறைச்சி. மாதக்கணக்கில் புகையிலும் பரணிலும் தொங்கவிட்டு, கோடை பிறக்கும்போதுதான் வெட்டுவார்கள். அதுவும் வேண்டியவர்களுக்கு மட்டும். பாவோ ஒன்றின் கயிற்றில் ஓர் அட்டையைக் கட்டினார். ‘புரா’ என்று எழுதியிருந்தது.

“அண்ணே, நான் இப்ப பெஞ்சுல ஒக்காந்திருக்கேன்.”

“இதுவும் இன்னிக்குப் பச்சைக் கறிதான்டா. ஜூன்ல பாப்போம், எது தேறுதுன்னு.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அறைக்கு வந்த பிறகும் அந்த அட்டை கண்ணிலேயே நிற்கிறது.

டிசம்பர் 3

என் இடத்தில் ஆடுபவனுக்குத் தொடைத்தசை கிழிந்துவிட்டது. உள்ளே போனேன். ஒன்பது பந்தை முட்டி வெளியேற்றினேன், ஒன்றுகூடத் தலைக்கு மேலே போகவில்லை. அவன் அடிபட்டதில் எனக்குச் சந்தோஷமா? இல்லை. கொஞ்சம். இல்லை.

டிசம்பர் 24

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊருக்குப் போக முடியவில்லை, காய்ச்சல். போனில் அம்மா கருவாடு வெந்துகொண்டிருப்பதை விவரித்து விவரித்து என்னை அழவைக்கப் பார்த்தாள். ஜெயித்தும்விட்டாள்.

பிறகு அப்பா.

“எடம் கெடச்சுதா?”

“கெடச்சிட்டு இருக்குப்பா.”

“கெடச்சுதா, இல்லியா?”

“மூணு ஆட்டம் வரிசையா ஆடிட்டேன்.”

“ம்ம். வசந்தத்துல புதுக் கொட்டகை கட்டறேன். பெருசா. ரெண்டு பேர் நின்னு பால் கறக்கற மாதிரி.”

ரெண்டு பேராம்! யாரந்த ரெண்டாவது ஆள்? கேட்கவில்லை, போனை வைத்துவிட்டேன். என் அப்பாவே நான் திரும்பி வந்துவிடுவேன் என்று கணக்குப் போட்டு அஸ்திவாரம் வெட்டப்போகிறார். காய்ச்சலோடு அறைக்குள் நடந்துகொண்டே இருந்தேன். போகமாட்டேன். அந்தக் கொட்டகையில் நிற்கமாட்டேன்.

பிப்ரவரி 25

சீசனின் இரண்டாம் பாதி தொடங்கி இரண்டு ஆட்டம். இரண்டிலும் நாங்கள் கோல் வாங்கவில்லை. அடிபட்டவன் குணமாகிவிட்டான், பெஞ்சில் இருக்கிறான். பேப்பரில் என் பெயரைத் தப்பாக அச்சடித்திருக்கிறார்கள், பரவாயில்லை, கத்தரித்து வைத்துக்கொண்டேன்.

மார்ச் 15

சனிக்கிழமை ஆட்டம் கடலோரத்தில், மலையடிவாரத்து ஊரில். பாக் தீவுக்கு எதிர்க்கரை மாதிரிதான். பெரிய கிளப்பிலிருந்து பார்க்க ஆள் வருகிறதாம், கோச் ஷிம்ராக் சொன்னார். அம்மாவும் அப்பாவும் வருவதாகச் சொன்னார்கள்.

மார்ச் 17

பஸ்ஸை விட்டு இறங்கியதுமே மலையைப் பார்த்தேன். உச்சியில் வெள்ளைத் தொப்பி போட்டதுபோல மேகம் உட்கார்ந்திருக்கிறது. நாளைக்குப் புரா இறங்கும் என்று இந்தப் பக்கத்தில் குழந்தைக்குக்கூடத் தெரியும். எங்கள் அணியில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

அம்மா போன் செய்தாள். காற்று எச்சரிக்கை என்று தீவுப் பாலத்தில் வேன்களை நிறுத்திவிட்டார்களாம். எங்களிடம் இருப்பது வேன்தான். “டிவில பாத்துக்கறேன் கண்ணு.” அப்பா எங்கே என்று கேட்டேன். ஆட்டுப் பக்கம் போயிருக்கார் என்றாள்.

மார்ச் 18

வரிசையாக எழுதுகிறேன்.

முதல் பாதியில் காற்று எங்கள் முகத்தில். எங்கள் கோல்கீப்பர் உதைத்த பந்து அவரிடமே திரும்பி வந்தது. பதறிப்போய்க் கைநழுவ விட்டார், கோல். எங்கள் ஆட்கள் மிரண்டுவிட்டார்கள். எப்படியோ ஒரு கார்னரில் பாவோ முட்டிச் சமன் செய்தார்.

இடைவேளையில் கோச் எல்லோரையும் பார்த்தார், பிறகு என்னை.

“புரா, எந்திரி. இது உன் ஊட்டு விவகாரம். நீ சொல்லு, நாங்க கேக்கறோம்.”

இருபது வயது எனக்கு. எதிரே பதினேழு பேர். சொன்னேன்: “இப்ப காத்து நமக்குப் பின்னாடி. அவங்க தூக்கி அடிக்கற பந்து நம்ம கோல் வரைக்கும் போகாது. போற மாதிரி இருக்கும், போகாது. யாரும் பின்னாடி ஓடாதீங்க. அந்தப் பக்கம் பைன் மரம் சாயுதான்னு நான் பாக்கறேன். நான் நில்லுன்னா நில்லுங்க.”

யாரும் சிரிக்கவில்லை.

எழுபதாவது நிமிடம் இன்னொரு கோல் அடித்தோம், 2-1. எண்பத்தெட்டில் அவர்களுக்கு நடுக்களத்தில் ஃப்ரீ கிக். வானத்துக்கு அடித்தார்கள். அவர்களுடைய முன்னணி ஆட்கள் மூன்று பேர் எங்கள் கோலை நோக்கிப் பாய்ந்தார்கள். பாவோ திரும்பிவிட்டார், ஓட ஒரு காலை எடுத்தும் வைத்துவிட்டார். மரம் சாய்ந்தது.

“நில்லுங்க!” என்று கத்தினேன். கேப்டனை. என்னைவிடப் பதினாலு வயது மூத்தவரை.

அவர் நின்றார்.

எல்லோரும் நின்றார்கள். நான் அதே மாதிரி நின்றேன், ஆகஸ்டில் நின்ற அதே மாதிரி, நட்டுவைத்த கம்பமாக. பந்து மேலே போனது, தயங்கியது, நிறுத்தி வைத்தாற்போல அங்கேயே நின்றது. பிறகு கீழே வந்தது. நேராக என் நெற்றிக்கு. முட்டினேன். நடுக்களம் வரை போனது. பாய்ந்தோடிய மூன்று பேரும் பந்தில்லாமல் எங்கள் கோலுக்கு முன்னால் விழித்துக்கொண்டிருந்தார்கள்.

ஜெயித்தோம். பாவோ என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, “கழுதைப்பயலே, என் தங்கக் கழுதையே!” என்று காதில் கத்தினார்.

வேலிக்கு அந்தப் பக்கம் கம்பளித் தொப்பியோடு ஒருவர் நின்றுகொண்டிருந்தார். அப்பா!

“பாலத்துல வேன் விடலியே, எப்படிப்பா வந்தீங்க?”

“வியாழக்கெழமையே காத்து வாசனை தெரிஞ்சிது. மூடறதுக்கு முன்னாடி தாண்டிட்டேன். உங்கிட்ட சொல்லாதேன்னு உங்கம்மாகிட்ட சொல்லிட்டேன்.”

“ரெண்டு நாளா எங்க தங்கினீங்க?”

“வேன்ல. ஏன், ஆடு மேய்க்கறப்ப மெத்தையிலயா படுத்தேன்?”

அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “ஆகஸ்ட்ல நீ நின்னதையும் போன்ல பாத்தேன். பாத்துப் பாத்து மனசு கேக்கல. நீ சரியாத்தான்டா நின்ன. ஊருதான் தப்பு.”

ஏழு மாதமாக இதை ஏன் சொல்லவில்லை அப்பா? பரவாயில்லை. இன்று சொன்னார். குளித்துவிட்டு வருவதாகச் சொல்லி உள்ளே போய் அழுதேன்.

ஏப்ரல் 22

ஆடம் சீஸ் கேட்கிறான். உதைக்கவே வேண்டாம், சும்மா கொடு என்கிறான்.

ஜூன் 2

மூன்று வருட ஒப்பந்தம். பெரிய கிளப், முதல் அணி. கையெழுத்துப் போட்டுவிட்டேன். அதே இயக்குநர், அதே சிரிப்பு. நானும் சிரித்தேன், என்னுடையது இன்னும் நன்றாக இருந்தது.

ஜூன் 5

கிளம்பும்போது பாவோ பரணிலிருந்து குலெனை இறக்கிக் கொடுத்தார். அட்டையில் ‘புரா’வுக்குக் கீழே ஒரு வரி சேர்த்திருந்தார்: தேறிவிட்டது.

ஜூன் 6

வீடு. பாலத்தைத் தாண்டும்போது சின்னக் காற்று, வரவேற்பு மாதிரி.

குலெனை அப்பாதான் வெட்டினார். பன்றியெல்லாம் ஒரு கறியா என்று கேட்டுக்கொண்டே நான்காவது துண்டுக்குக் கை நீட்டினார். அம்மா தட்டை நகர்த்தி வைத்தாள்.

சாப்பிட்டுவிட்டுப் புதுக் கொட்டகையைப் பார்க்கப் போனேன். கல்லை அழகாக அடுக்கியிருக்கிறார், கதவு காற்றுக்கு எதிர்ப்பக்கம். உள்ளே போய்க் கையை விரித்தேன். பால் கறக்கும் இடத்தில் இரண்டு பக்கச் சுவரும் கையில் பட்டன.

“ரெண்டு பேர் நிக்கற மாதிரி கட்டறேன்னு சொன்னீங்களே?”

அப்பா வாளியைக் கழுவிக்கொண்டிருந்தார், திரும்பவில்லை.

“மார்ச் மாசம் அளவைக் கொறைச்சிட்டேன்” என்றார்.