மூன்று நட்சத்திரங்கள் அலங்காரம் அல்ல

என் அன்பு ரொசாலி,

எனக்குக் கம்ப்யூட்டர் பிடிக்காதாம். அதனால்தான் பார்வையற்றோர் நூலகத்தின் புது பிரெயில் நாவலைச் சரிபார்த்ததாகக் கையெழுத்துப் போடாமல் வைத்திருக்கிறேனாம். மாதா கோயில் வாசலில் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். நான் பிரெயில் மெஷினில் மூன்று மாதம் தட்டும் புத்தகத்தை அது ஒரு வாரத்தில் பிரெயிலாக்கிவிடுகிறது. அதன்மேல் எனக்கென்ன கோபம்?

அச்சுப் புத்தகத்தில் கதை வேறு காலத்துக்குப் போகும் இடத்தில் மூன்று நட்சத்திரம் போட்டிருப்பார்கள் இல்லையா? பிரெயில் பிரதியில் அவை எங்குமே இல்லை. நூலகச் செயலாளரிடம் கேட்டேன்.

"அது சும்மா டிசைன், மதாம். பேப்பர் மிச்சமாவுதுன்னு எடுத்துட்டேன்."

சுள்ளென்று வந்தது. ஆனால் திட்ட வாய் வரவில்லை. இதையேதானே நானும் ஒரு நாள் உன்னிடம் சொன்னேன்?

நான் பிரெயிலில் தட்டிய முதல் புத்தகம் அது. உன் அண்ணன் உயிரோடு இருந்த காலம். சாப்பாட்டு மேஜையில் நான் அச்சைப் பார்த்து, கமா, முற்றுப்புள்ளி உட்பட உரக்கப் படிப்பேன். நீ பிரெயிலில் விரலால் தொடர்ந்து வருவாய். ஒரு மேற்கோள்குறி விட்டுப்போனாலும் பக்கத்தையே மறுபடி தட்டுவேன் என்று எனக்கு அத்தனை பெருமை. அன்று நான் பெரிய மார்க்கெட்டுக்குப் போய்விட்டுத் திரும்புவதற்குள் நீ தனியாக மேலே படித்திருந்தாய்.

"அண்ணி, கதையில பெரியவரை இப்பதான் அடக்கம் பண்ணாங்க. அடுத்த வரியில உக்காந்து காப்பி கேக்குறாரு! சாமியார் கிட்ட சொல்லிப் பூசை வைக்கலாமா?"

"அங்க அவரு வாலிபத்துக் கதை ஆரம்பிக்குதுடி. நடுவுல மூணு நட்சத்திரம் இருந்துச்சு, அலங்காரந்தானேன்னு விட்டுட்டேன்."

"பாக்குறவங்களுக்கு அலங்காரம். நான் எதைப் புடிச்சிக்கிறது?"

நீ சிரித்தாய். ஆனால் அதற்கு முன் அந்தப் பக்கத்தை நான்கு தடவை தடவிப் பார்த்ததை, விரல் மரத்துப்போய்விட்டதோ என்று பயந்ததை, எத்தனையோ நாள் கழித்துத்தான் சொன்னாய். ஏன் அன்றே சொல்லவில்லை?

இந்த நாவல் இப்படியே போனால், படிக்கிறவர்கள் தங்கள் விரலைத்தான் சந்தேகப்படுவார்கள். புத்தகத்தை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

போன மழைக்காலத்தில் நீ இறந்துபோனதிலிருந்து மேஜைக்கு எதிரே ஆள் இல்லை. புள்ளிகள் என் கண்ணுக்குத் தெரிகின்றன, விரலுக்கு இன்னும் பிடிபடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு தினம் ஒரு பக்கம் தடவிப் பழகுகிறேன். நேற்று இரண்டு வரி தேறியது. நட்சத்திரங்கள் தனி வரியில் திரும்ப வந்து, என் விரலில் தட்டுப்பட்ட பிறகே கையெழுத்துப் போடுவேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

இந்தக் கடிதம் வரும் நம் பங்குக் கோயில் இதழைச் செயலாளரும் படிப்பவர். ஐயா, அவற்றைத் திரும்பச் சேர்ப்பீர்களா, மாட்டீர்களா? வாய்ச்சொல் வேண்டாம். எழுத்தில் பதில் தாருங்கள்.

உன் அண்ணி,
வெரோனிக்