வாய் கொப்புளித்து நின்ற வண்டி

என் அன்பான பாவாவுக்கு,

உங்கள் வண்டி இன்று காலை ஓடியது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். உங்கள் மேல் கோபமும் இருக்கிறது. அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உங்களைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள். அவர்களுக்காக ஒரு வார்த்தை. நீங்கள் என் அக்காவின் கணவர். உலகச் சண்டை வந்ததும் தன் ஊருக்குக் கப்பலேறிய வெள்ளைக்காரர் ஒருவரிடம் டீசல் கார் வாங்கி, திருத்தணி ஸ்டேஷனுக்கு வெளியே வாடகைக்கு ஓட்டியவர். சண்டையில் டீசலுக்கு ரேஷன் பர்மிட் வந்தது. பர்மிட்டுக்குக் கிடைத்ததோ மூக்குப்பொடி அளவு. பெட்ரோல் கிடைக்காத வண்டிகள் பின்னால் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு அந்த வாயுவில் ஓடியபோது, நீங்கள் புங்கெண்ணெய் ஊற்றினீர்கள்.

"அதுங்கல்லாம் கரியத் தின்னுட்டு இருமிகினு போவுது. என் வண்டி எண்ண தேச்சிக் குளிச்சிட்டுப் போவுது, பாத்துக்கோ" என்பீர்கள். கனகம்மாசத்திரத்துச் செக்கிலிருந்து எண்ணெய் வரும். அக்கா அதை வெயிலில் வைத்து, உங்கள் பழைய வேட்டியில் வடிகட்டித் தருவாள். வண்டி ரோட்டில் போனாலே ஜனங்கள் மூக்கைப் பொத்துவார்கள். ஆற்றுப் பாலத்துப் பக்கமிருந்து அந்தக் கசப்பு நாற்றம் காற்றில் வந்த பிறகுதான் அக்கா உங்களுக்கு உலை வைப்பாள்.

நம் வீட்டுக்கு ஒரு சட்டம் இருந்தது, நினைவிருக்கிறதா? டீசலில்தான் கிளப்ப வேண்டும். இன்ஜின் சூடானதும் உங்கள் முழங்காலுக்குக் கீழே இருந்த திருகைத் திருப்பி எண்ணெய்க்கு மாற்ற வேண்டும். வீடு வருமுன் நந்தி ஆற்றுப் பாலத்திலேயே மறுபடி டீசலுக்குத் திருப்பி, குழாயில் தங்கிய எண்ணெயை எரித்துத் தீர்க்க வேண்டும். அதற்கு ஒரு வெற்றிலை மென்று துப்பும் நேரம் ஆகும். மறந்து நிறுத்தினால் எண்ணெய் குழாய்க்குள்ளேயே கெட்டியாகிப் பிசின் மாதிரி பிடித்துக்கொள்ளும். அப்புறம் எல்லாவற்றையும் கழற்ற வேண்டியதுதான். "வாய் கொப்புளிக்காம தூங்க வெக்காத" என்பீர்கள். மாப்பிள்ளையைக் கவனிப்பது போலக் கவனித்தீர்கள் அந்த இன்ஜினை.

ஐப்பசியில் ஒரு மத்தியானம், பாலத்துக்கு வெகு தூரம் முன்னால், சத்திரத்து ரோட்டுப் புளியமரத்தடியில் வண்டி நின்றிருந்தது. நீங்கள் ஸ்டியரிங்கில் சாய்ந்திருந்தீர்கள். டாக்டர் மாரடைப்பு என்றார். சட்டென்று போயிருப்பார், ஒன்றும் தெரிந்திருக்காது என்றார். அக்கா அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை மாதம் எழுந்து நடமாடினாள். துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவரிடமும், "அவருக்கு ஒண்ணும் தெரியலம்மா, தூங்கறாப்பல போயிட்டாரு" என்பாள்.

வண்டியை மாடு கட்டி இழுத்து வந்து கொட்டகையில் விட்டோம். யாரும் தொடவில்லை. எண்ணெயில் ஓடும்போதே நின்ற வண்டி, குழாயெல்லாம் இறுகியிருக்கும் என்று எல்லோருக்கும் நிச்சயம். இன்று அரக்கோணத்திலிருந்து ஒரு மில் முதலாளி, தம்முடைய மெக்கானிக்கோடும் ஒரு பேட்டரியோடும் வந்தார். இன்ஜினை மட்டும் கழற்றி மில்லுக்குக் கொண்டுபோவதாகப் பேச்சு. அக்காவும் தலையாட்டியிருந்தாள்.

மெக்கானிக் பேட்டரியை மாட்டிவிட்டு, "கெளம்பாதுங்க. சும்மா ஒருவாட்டி பாத்துடுவோம்" என்றார். நான் உங்கள் இடத்தில் உட்கார்ந்தேன். டீசல் பக்கம் திருப்பலாம் என்று குனிந்து திருகில் கை வைத்தேன். அது ஏற்கெனவே டீசல் பக்கம்தான் இருந்தது.

யாராவது தட்டியிருப்பார்கள், மாடு இழுத்த ஆட்டத்தில் நகர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேதான் கிளப்பினேன். நாலு இருமல். உடனே பிடித்துக்கொண்டது, பாவா. கொட்டகை முழுக்கப் புகை. வெறும் டீசல் புகை. புங்கெண்ணெய் நாற்றம் ஒரு பொட்டு இல்லை.

மில் முதலாளி சிரித்துக்கொண்டே என் தோளைத் தட்டினார். நான் அக்காவைப் பார்த்தேன். வாசலில் முறத்தோடு நின்றிருந்தாள். வேட்டியில் எண்ணெய் வடிகட்டியவளுக்கு நான் விளக்க வேண்டுமா? அரிசி தரையில் கொட்டியதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

"தாமு, வாசன வரல" என்றாள்.

"ஆங், வரலக்கா."

"அப்போ அவருக்குத் தெரிஞ்சிருக்கு."

உங்களைக் கண்டெடுத்த மாட்டு வண்டிக்காரர் அன்றைக்கே சொன்னார். "தூரத்துல வரப்பவே பாத்தேங்க. கார் நின்ன எடத்துலயே ரொம்ப நேரம் உறுமிகினு இருந்துச்சு. அப்பறம் அதுவா நின்னுபோச்சு" என்றார். அந்த அழுகையில் யார் அதைக் காதில் வாங்கினோம்? அது அதுவாக நிற்கவில்லை. நீங்கள் நிறுத்தினீர்கள்.

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஓரம் கட்டியிருக்கிறீர்கள். குனிந்து திருகைத் திருப்பியிருக்கிறீர்கள். எண்ணெய் எரிந்து தீரும்வரை அந்த வலியோடு தனியாக உட்கார்ந்திருக்கிறீர்கள். அப்புறம்தான் இன்ஜினை அணைத்தீர்கள். கைக்கு எட்டும் இடத்தில்தானே ஹாரன் இருந்தது? மாட்டு வண்டி கண்ணுக்குத் தெரியும் தூரத்தில்தானே வந்தது? கையைத் திருகுக்குக் கொடுத்த நேரத்தில் அதை ஏன் அழுத்தவில்லை? நாளைக்கு அக்கா எதை வைத்துப் பிழைப்பாள் என்று யோசித்தீர்களா? இல்லை, பழக்கத்தில் கை தானாகப் போனதா? யாரைப் போய்க் கேட்பேன்?

அக்கா மில் முதலாளியிடம் வந்து, "மன்னிச்சிக்கோங்க. வண்டிய விக்கல" என்றாள். ஏன் என்று கேட்டார். "அவரு எங்களுக்குனு கழுவி வெச்சிட்டுப் போயிருக்காருங்க" என்றாள். அவர் தம் பேட்டரியை மட்டும் கழற்றிக்கொண்டு போனார்.

பிறகுதான் அழுதாள். உங்களைத் திட்டித் திட்டி அழுதாள். எரிந்துகொண்டிருந்த அடுப்பை அணைத்துவிட்டு என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, என் கையைத் தன் தலைமேல் வைத்துச் சத்தியம் கேட்டாள். நான் செய்துகொடுத்துவிட்டேன், பாவா. உங்களுக்குப் பிடிக்காது. ஆனாலும் உங்களுக்கும் அதையே எழுதித் தருகிறேன்.

வண்டியை நான் ஓட்டுவேன். புங்கெண்ணெயில்தான் ஓட்டுவேன். தினமும் நந்தி ஆற்றுப் பாலத்தில் மறக்காமல் திருகைத் திருப்புவேன். ஆனால் வழியில் என் நெஞ்சு என்றைக்காவது வலித்தால் திருகைத் தொட மாட்டேன். எண்ணெய் இறுகட்டும், இன்ஜின் பாழாய்ப் போகட்டும். யாராவது ஓடி வரும்வரை ஹாரனைத்தான் அழுத்திக்கொண்டிருப்பேன்.

உங்கள் மச்சினன்,
அக்கா தலைமேல் சத்தியம் செய்த தாமோதரன்