மூன்றாவது ஷெட்டுக்குப் போகாத அறிவிப்பு

அன்புத் தங்கை வாலுவுக்கு,

அண்ணன் எழுதுகிறேன். போனில் நீ "எப்படிண்ணா இருக்காரு?" என்று கேட்டாலே போனை அம்மாவிடம் நீட்டிவிடுகிறேன். அதனால்தான் இந்தக் கடிதம், படம் பிடித்துப் போனிலேயே அனுப்புகிறேன். மாப்பிள்ளை இன்னும் கண் திறக்கவில்லை. மெஷின் வைத்துத்தான் மூச்சு ஓடுகிறது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அவருக்குக் கால் நகம் வெட்டிவிடுகிறாள். வேண்டாமென்ற நர்ஸிடம், "எந்திரிச்சதும் என்னைத்தான் திட்டுவாரு, நீ போம்மா" என்றாள்.

தொழிற்சாலையில் வாயு கசிந்தது என்று மட்டும் உன்னிடம் சொன்னேன். மீதியை மென்று முழுங்கிவிட்டேன்.

கசிந்தால் எல்லா ஷெட்டிலும் ஒரே நேரத்தில் ஒலிபெருக்கி கத்த வேண்டும். அந்த புரோகிராமை எழுதிய பாவி நான். ஒரே செய்தியைக் குழு முழுவதற்கும் ஒருமுறை அனுப்பும் முறை, மல்டிகாஸ்ட் என்போம். யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று அனுப்பியவனுக்குத் தெரியாது. ஷெட்டுக்கு ஷெட்டு செய்தியைக் கடத்தும் பெட்டிதான் ரவுட்டர்; செய்தி எத்தனை ரவுட்டர் வரை போகலாம் என்று ஓர் எண் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் ஒன்று என்று எடுத்துக்கொள்ளும், முதல் ரவுட்டரிலேயே செத்துவிடும். நான் கொடுக்கவில்லை. என் மேஜையில் இரண்டு கம்ப்யூட்டரை அருகருகே வைத்துச் சோதித்தேன். இடையில் ரவுட்டரே இல்லை, ஜோராக வேலை செய்தது. மாப்பிள்ளைதான், "எங்க ஷெட்டுக்கும் வந்து ஒருதடவ பாத்துடுங்க மச்சான்" என்றார். "நீங்க ஸ்பேனரைப் பாருங்க, நெட்வொர்க்கை நான் பாத்துக்கறேன்" என்று கிண்டலடித்தேன்.

வாயு கசிந்த அன்றைக்கு ஒலிபெருக்கி கத்தாத மாப்பிள்ளையின் மூன்றாவது ஷெட்டில் நேற்று லேப்டாப்பை மாட்டிப் பார்த்தேன். அங்குள்ள ஒலிபெருக்கிப் பெட்டி, தானும் குழுவில் இருப்பதாக இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ரவுட்டருக்குச் சொல்லிக்கொண்டே இருந்தது. நான் அனுப்பிய சோதனை அறிவிப்பு ஒன்றுகூட வரவில்லை. தப்பு என்னுடையது என்று மேனேஜரிடம் எழுதிக் கொடுத்தேன். "இப்ப எதுக்குப்பா இதெல்லாம்" என்று தாளைத் திருப்பித் தந்தார். மறுபடியும் அவர் மேஜையிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

டாக்டர் கையை விரித்துவிட்டார். மெஷினை எடுக்கச் சம்மதம் கேட்கிறார். அம்மாவிடம் சொல்லவில்லை. நீ வரும்வரை பொறுக்கச் சொல்லிக் காலில் விழாத குறையாகக் கேட்டேன். வெள்ளிக்கிழமை வரை என்றார்.

லீவு தராவிட்டால் வேலையை விட்டுவிட்டாவது வந்துவிடு. என்னோடு பேச வேண்டாம், என் முகத்தில் விழிக்கவும் வேண்டாம். நீ வரும்போது நான் வார்டை விட்டு வெளியே போய்விடுகிறேன். மாப்பிள்ளையின் கை இன்னும் சூடாகத்தான் இருக்கிறது. அது ஆறுவதற்குள் வந்து பிடித்துக்கொள்ளம்மா.

இனி நீ அண்ணா என்று கூப்பிடுவாயோ, மாட்டாயோ,
உன் அண்ணன்.